ராத்தாக்கு ஏழு டெஸ்ட், மச்சானுக்கு ஒண்டுமில்ல

ஆறு வருஷத்தில எங்கட ராத்தாக்குச் செய்த டெஸ்ட்டுகளை ஒருநாள் இருந்து எண்ணிப் பார்த்தேன். இரத்தம், தைரொய்ட், மாதவிடாய் ஹோர்மோன், ஒரு ஸ்கேன், மறுகா உள்ளால ஒரு ஸ்கேன், கருப்பைக் குழாய் அடைச்சிருக்கா என்று மருந்து ஏத்தி எடுத்த எக்ஸ்ரே, கடைசியா வயித்தில துளை போட்டு கெமரா விட்டுப் பார்த்த லப்ரொஸ்கொபி. மொத்தம் ஏழு. பைல் தலகணி மாதிரித் தடிச்சுப் போச்சு. அந்தப் பைல் முழுக்கத் தேடினா மச்சான்ட பேர் ஒரேயொரு இடத்திலதான் இருந்தது: ராத்தாட பேருக்குக் கீழ, "கணவர்" என்ற கட்டத்துக்குள்ள.

முதல்லயே ஒன்று சொல்லிடுறேன். இது எங்கட சொந்தத்தில நடந்த கதை. ஆனா உறவுமுறையையும் வருஷக் கணக்கையும் கொஞ்சம் மாத்தித்தான் எழுதுறேன். சம்பந்தப்பட்ட ரெண்டு பேரும் இதை வாசிச்சு, "போடு, நாலு பேருக்கு உதவினா நல்லந்தானே" என்று சொன்ன பிறகுதான் போடுறேன்.

எங்கட ஊர்ல மாப்பிள்ளைதான் பொண்ணு வீட்டுக்கு வாறது. மருதமுனை மட்டுமில்ல, கல்முனை, சாய்ந்தமருது, அக்கரைப்பற்று என்று இந்தக் கரை முழுக்க அப்படித்தான். அதால மச்சான் ஆறு வருஷமா எங்கட வீட்டிலதான். அவருக்கு நல்ல மீன் துண்டு, அவருக்கு முதல் தேத்தண்ணி. மாப்பிள்ளைக்கு மரியாதை. அந்த மரியாதைதான் பிரச்சினையே. "நீங்களும் ஒருக்கா டெஸ்ட் பண்ணிப் பாருங்களேன்" என்று அவரிட்டக் கேக்க வாப்பாக்கு வாய் வரல்ல. உம்மாக்கு வெக்கம். ராத்தாக்குப் பயம். எனக்கு வயசு காணாது. ஆக, ஆறு வருஷம் எல்லாரும் சேர்ந்து அவள மட்டும் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினம்.

இதுக்கிடையில மச்சான்ட பக்கத்தில இருந்து ரெண்டாம் கலியாணக் கதை மெதுவாக் கிளம்பிட்டு. "எங்கட குடும்பத்தில ஆருக்கும் புள்ள இல்லாம இருந்ததில்லையே" என்று மாமி ஒருநாள் கதையோட கதையாச் சொன்னாக. 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தின்படி ஒரு ஆண் இன்னொரு கலியாணம் முடிக்க முதல் மனைவிட சம்மதம் கட்டாயமில்ல. அவருக்குப் பிள்ளை உண்டாகுமா என்று பார்க்கிற கட்டாயமும் இல்ல. யோசிச்சுப் பாருங்க: பரிசோதிக்கப்படாத ஒரு ஆளுக்காக, பரிசோதிச்சு நல்லா இருக்கிற ஒரு பொம்புளைட வாழ்க்கைய உடைக்க நாங்க தயாராகிட்டம்.

நான் படிக்கிறது கலைப்பீடம். விஞ்ஞானம் ஓ/எல்லோட முடிஞ்சு போச்சு. அதால எனக்குத் தெரிஞ்ச இடத்தில இருந்தே தொடங்குறேன்: சொல்லில இருந்து. "மலடி" என்ற சொல்ல எத்தனை தரம் கேட்டிருப்பீங்க? சண்டையில, கலியாண வீட்டில, நாடகத்தில. "மலடன்" என்ற சொல்லும் தமிழ்ல இருக்கு. ஆனா அதை யாராவது யாரையாவது பார்த்துச் சொல்லி நான் கேட்டதில்ல. பெருமாள்முருகனின் மாதொருபாகன் நாவல்ல காளியும் பொன்னாவும் பிள்ளையில்லாம ஊர்ட வாய்க்குள்ள விழுந்து படுற பாட்டை வாசிச்சப்போ, அது வெள்ளைக்காரன் காலத்துக் கதை, அப்ப கண்டுபிடிக்க வழியில்லை என்று ஒரு சமாதானம் இருந்தது. இப்ப எங்களுக்கு என்ன சமாதானம்?

உலக சுகாதார ஸ்தாபனம் 2023இல் வெளியிட்ட அறிக்கையின்படி, உலகத்தில ஆறில் ஒருவர் வாழ்க்கையில ஏதோவொரு கட்டத்தில பிள்ளை உண்டாகாத பிரச்சினையைச் சந்திக்கிறார். அப்படியான சோடிகளில் ஏறக்குறைய பாதியில ஆணின் பக்கத்திலும் காரணம் இருக்கும். ஆணுக்குச் செய்யிற முதல் டெஸ்ட் விந்துப் பரிசோதனை. கத்தி இல்ல, ஊசி இல்ல, மயக்க மருந்து இல்ல. ரெண்டு மூணு நாள் விலகி இருந்து ஒரு சின்னப் போத்தல்ல குடுக்கணும். ராத்தாட ஏழு டெஸ்ட்டில எதை எடுத்தாலும் அதைவிட வலி கூட, பெரும்பாலும் செலவும் கூட. லேசான டெஸ்ட்ட கடைசிக்கு வச்சிட்டு, வயித்த வெட்டுறத முதல்ல செஞ்சம்.

ஒருநாள் மச்சானே வந்து சொன்னார்: "மச்சான், நான் ஒருக்காப் பார்க்கத்தான் வேணும். நீ வாறியா?" நான் போனேன். ரிசல்ட் வந்தது: விந்தணு பூச்சியம். திரும்பவும் செஞ்சோம். திரும்பவும் பூச்சியம்.

அடுத்தது ஹோர்மோன் டெஸ்ட். டெஸ்டொஸ்டெரோன் குறைவு. அவர் ஏன் எப்பவும் களைப்பா இருந்தார், தாடி ஏன் அடர்த்தியா வளரல்ல என்றதுக்கெல்லாம் அப்பதான் காரணம் தெரிஞ்சது. இந்த இடத்தில நாங்க ஒரு பிழை விட்டோம். "ஆண் ஹோர்மோன் குறைவெண்டா ஊசி போட்டாச் சரி" என்று ஒருத்தர் சொன்னதக் கேட்டு நாலு மாசம் டெஸ்டொஸ்டெரோன் ஊசி போட்டார். தெம்பு வந்தது. ஆனா பிள்ளைக்காக அலையிற ஆளுக்கு அந்த நேரத்தில போடக் கூடாத ஊசி அது.

ஏன் கூடாதென்று தறிய வச்சுச் சொன்னா எங்கட ஊராக்களுக்கு விளங்கும். வீட்டில சாறன் நெய்து வரல்ல என்றால் ரெண்டில ஒரு காரணம் இருக்கும். ஒன்று, தறி பழுது. மற்றது, முதலாளி ஓடரும் நூலும் அனுப்பல்ல. ஆணின் உடம்பில விதைதான் தறி. மூளைக்குக் கீழ இருக்கிற கபச்சுரப்பிதான் முதலாளி. எல்.எச்., எஃப்.எஸ்.எச். என்ற ரெண்டு ஹோர்மோன்தான் ஓடர். தறி பழுதா இருந்தா முதலாளி "எங்க சாறன், எங்க சாறன்" என்று ஓடருக்கு மேல ஓடர் அனுப்புவார். இரத்தத்தில அந்த ரெண்டும் கூடிக் கிடக்கும். முதலாளியே தூங்கினா அந்த ரெண்டும் குறைஞ்சு கிடக்கும். இப்ப வெளியில இருந்து ரெடிமேட் சாறன் கொண்டு வந்து குவிச்சா என்ன நடக்கும்? "சாமான் இருக்குதானே" என்று முதலாளி ஓடர நிப்பாட்டிடுவார். கொஞ்ச நஞ்சம் ஓடின தறியும் நிண்டு போகும். டெஸ்டொஸ்டெரோன் ஊசி செய்யிறது இதைத்தான். உலக சுகாதார ஸ்தாபனம் இதே ஊசிய ஆண்களுக்கான கருத்தடையாவே பரிசோதிச்சு 1990இல் முடிவ வெளியிட்டது. ஜிம்முக்குப் போய் உடம்பு ஏத்த ஊசி போடுற தம்பிமாரும் இந்தப் பந்திய ரெண்டு தரம் வாசிங்க.

மச்சானுக்கு ஓடர் கூடிக் கிடந்தது. அதாவது தறியில பிரச்சினை. தறி ஏன் பழுது என்று பார்க்கத்தான் பரம்பரை அலகுப் பரிசோதனை. இரவு பஸ்ஸில கொழும்புக்குப் போய் இரத்தம் குடுத்தம். சில வாரம் கழிச்சு ரிப்போர்ட் எடுக்கப் போனம். ஒரு தாள். முழுக்க இங்கிலீஷ். விளக்கிச் சொல்லத் தமிழ் தெரிஞ்ச ஆள் அங்க இல்ல. திரும்பி வாற பஸ்ஸில, மஹியங்கனைக்குக் கிட்ட இருக்கும், மச்சான் அந்தத் தாளை என்ட கையில தந்து, "இதில என்ன எழுதியிரிக்கு?" என்று கேட்டார். நான் போன் வெளிச்சத்தில வாசிச்சேன். நாப்பத்தேழு, எக்ஸ் எக்ஸ் வை.

அவரும் ஓ/எல் படிச்சவர்தான். நிறமூர்த்தப் பாடம் அவருக்கும் ஞாபகம் இருந்தது. கொஞ்ச நேரம் யன்னலப் பார்த்திட்டு மெதுவாக் கேட்டார்: "ரெண்டு எக்ஸ் எண்டா பொம்புளைக்குத்தானே மச்சான்?"

எனக்குப் பதில் தெரியல்ல. இந்தக் கட்டுரை எழுதுறதுக்கு உண்மையான காரணம் அந்தக் கேள்விதான். ஒரு மனுஷன் தன்னைப் பத்தின ஆகப் பெரிய செய்திய, இருட்டில, ஓடுற பஸ்ஸில, ஒன்றும் தெரியாத ஒரு பொடியன்ட வாயால கேக்கக் கூடாது.

அதுக்குப் பிறகு தேடிப் படிச்சதையும், பிறகு ஒரு டொக்டர் தமிழ்ல ஒரு மணித்தியாலம் இருந்து விளக்கினதையும் சேர்த்து இப்ப பதில் சொல்றேன். இல்ல மச்சான், நீங்க ஆம்பிளதான். ஆண் என்று தீர்மானிக்கிறது வை நிறமூர்த்தத்தில இருக்கிற எஸ்.ஆர்.வை. என்ற பரம்பரை அலகு. அதை 1990இல் லண்டன் ஆய்வாளர்கள் கண்டுபிடிச்சாங்க. அது உங்களிட்ட இருக்கு. கூட ஒரு எக்ஸ் வந்து ஒட்டியிருக்கு, அவ்வளவுதான். இந்த நிலையை 1942இல் பொஸ்டனில ஹரி கிளைன்ஃபெல்டர் என்ற டொக்டர் முதன்முதல் விவரிச்சார். காரணம் கூடுதல் எக்ஸ் என்று 1959இல் எடின்பரோவில பற்றீசியா ஜேக்கப்ஸும் ஜோன் ஸ்ட்ரோங்கும் காட்டினாங்க. ஏறத்தாழ அறுநூறு ஆண்களில் ஒருவருக்கு இது இருக்கு. பெரும்பாலானவங்க தெரியாமலே வாழ்ந்து முடிச்சிடுறாங்க. தாயின் முட்டையோ தகப்பனின் விந்தோ உருவாகும்போது தற்செயலா நடக்கிற ஒரு பிசகு. யாரும் செய்த பாவமுமில்ல, யாருடைய கண்ணூறுமில்ல. மாமி சொன்ன "எங்கட குடும்பத்தில" என்ற கதைக்கும் இதில இடமில்ல, ஏனென்றா இது குடும்பத்தில ஓடி வாறதில்ல.

சரி, தெரிஞ்சு என்ன பிரயோசனம் என்று கேக்கலாம். தெரிஞ்சா எடுக்கிற முடிவு மாறும். அதுக்காகத்தான் இந்தப் பரிசோதனை.

கிளைன்ஃபெல்டர் உள்ளவங்களிலும் விதைக்குள்ள அங்கங்க கொஞ்சம் விந்தணு இருக்கலாம். நுணுக்குக்காட்டி வச்சுத் தேடி எடுக்கிற சத்திரசிகிச்சையில நூற்றில் நாப்பது பேருக்குக் கிட்ட கிடைக்குது. கிடைச்சா அதைக் கொண்டு சோதனைக்குழாய் முறையில முயற்சிக்கலாம். அந்த முயற்சிக்கு முன்னால டெஸ்டொஸ்டெரோன் போடக் கூடாது. பிள்ளை விஷயத்தில ஒரு முடிவு எடுத்த பிறகு அதே ஊசி அவருக்குத் தேவைப்படும். எலும்புக்கு, தசைக்கு, மனசுக்கு அது நல்லது. ஒரே மருந்து, எப்ப போடுறது என்றதை அந்த ஒரு தாள்தான் சொல்லுது.

இன்னொருத்தருக்கு வை நிறமூர்த்தத்தில ஒரு துண்டு இல்லாம இருக்கலாம். ஹைதராபாத்தில உள்ள செல், மூலக்கூற்று உயிரியல் மையத்தில் தமிழ்நாட்டு விஞ்ஞானி குமாரசாமி தங்கராஜும் அவரோட சேர்ந்தவங்களும் விந்தணு இல்லாத 340 இந்திய ஆண்களைப் பரிசோதிச்சு 2003இல் வெளியிட்ட ஆய்வில, 29 பேருக்கு அப்படித் துண்டு விடுபட்டிருந்தது. கொழும்பு மருத்துவ பீட மனிதப் பரம்பரையியல் பிரிவு சிங்கள ஆண்களில் செய்து 2012இல் வெளியிட்ட ஆய்வில இது குறைவாகவே காணப்பட்டது. எந்தத் துண்டு இல்லை என்றது முக்கியம். அந்தப் பகுதியை ஏ, பி, சி என்று மூன்றாப் பிரிக்கிறாங்க. ஏ அல்லது பி முழுசா இல்லையென்றா சத்திரசிகிச்சை செய்தாலும் விந்தணு கிடைக்காது என்றே சொல்லிடலாம். சி மட்டும் இல்லையென்றா ஏறக்குறைய பாதிப்பேருக்குக் கிடைக்கும், ஆனா பிறக்கிற ஆண்பிள்ளைக்கும் அதே குறை போகும். ராத்தாட நகைய வித்துச் சத்திரசிகிச்சைக்குக் காசு கட்டுறதுக்கு முன்னால இதைத் தெரிஞ்சுகொள்றது நல்லமா இல்லையா?

மூன்றாவது வகை, முதலாளி தூங்குற வகை. கல்மன் என்றொரு நிலை இருக்கு. அவங்களுக்குப் பருவ மாற்றமும் சரியா வராது, மணமும் விளங்காது. வாழைப்பழமும் தெரியாது, அத்தரும் தெரியாது. பதினெட்டு வயசாகியும் குரல் உடையாத, மணம் தெரியாத பொடியன் ஊருக்குள்ள இருந்தா நாங்க பட்டம் வச்சுச் சிரிக்கிறம். ஆனா எல்லா வகையிலும் கூடுதலா மருந்துக்கு மசியிறது இதுதான். தறி நல்லா இருக்கு, ஓடர் மட்டும்தான் இல்ல. ஓடர் மாதிரி வேலை செய்யிற ஹோர்மோன் ஊசிகளை மாசக் கணக்கில, சிலருக்கு வருஷக் கணக்கில போட்டா பலருக்கு விந்தணு வருது, தகப்பனாகிறாங்க. அந்தப் பொடியனைப் பதினஞ்சு வயசிலயே ஒரு டொக்டரிட்டக் கூட்டிப் போகாம விட்டது யார்ட பிழை?

இந்த மூன்றாவது வகையில எங்களுக்கு இன்னொரு பாடமும் இருக்கு. பருவத்தத் தொடங்கி வைக்கிற கிஸ்பெப்டின் என்ற ஹோர்மோனின் முக்கியத்துவம் தெரிய வந்தது 2003இல். கண்டுபிடிக்க உதவினவங்களில ஒரு பெரிய சவூதிக் குடும்பம் இருக்கு, மச்சான் மச்சினி முறைக்குள்ளயே கலியாணம் முடிச்ச குடும்பம். 2009இல் துருக்கியில அதனா நகரத்து டொக்டர்மார் இதே மாதிரி குடும்பங்களை வச்சு இன்னும் ரெண்டு பரம்பரை அலகுகளைக் கண்டுபிடிச்சாங்க. ஒரே மூத்தாப்பாட பழுதான அலகு தாய் வழியாலும் தகப்பன் வழியாலும் வந்து ஒரு பிள்ளையில சேர்ற வாய்ப்பு சொந்தத்துக்குள்ள முடிக்கும்போது கூடுது. மாமி மகளை முடிச்சாலே இப்படி வரும் என்று யாரும் பயப்பட வேணாம், பெரும்பாலான பிள்ளைகள் நல்லாத்தான் பிறக்கிறாங்க. ஆனா குடும்பத்தில ரெண்டு பேருக்கு ஒரே மாதிரிப் பிரச்சினை இருந்தா, மூன்றாவது கலியாணத்தப் பேச முன்னால ஒரு டொக்டரோட பேசுங்க.

"புள்ள அல்லாஹ்ட நாட்டம். அதைப் போய் டெஸ்ட் பண்ணவா?" என்று மூத்தம்மா கேட்டாக. நாட்டம்தான் மூத்தம்மா. தான் நாடியவரைப் பிள்ளையில்லாதவராக ஆக்குகிறான் என்று குர்ஆன் பொதுவாத்தான் சொல்லுது, பொம்புளைய மட்டும் என்று சொல்லல்ல. நோய்க்கு மருந்து தேடச் சொன்னதும் எங்கட மார்க்கம்தான். கணவன் மனைவிக்குள்ள மட்டும் நடந்தா சோதனைக்குழாய் முறை ஆகும், மூன்றாவது ஆளின் விந்து ஆகாது என்று அல் அஸ்ஹரின் ஃபத்வா 1980இலயே வந்திட்டு. அதாலதான் எங்களுக்கு இந்தப் பரிசோதனை கூடுதலா முக்கியம் என்று நான் சொல்றேன். மத்தவங்களுக்கு வேற வழி இருக்கு. எங்களுக்கு இருக்கிற ஒரே கேள்வி, இந்த மனுஷன்ட உடம்பில அவர்ட சொந்த விந்தணு இருக்கா இல்லையா என்றதுதான்.

பரம்பரை அலகுப் பரிசோதனை எல்லாருக்கும் தேவையில்ல. விந்தணு பூச்சியமா, அல்லது மில்லிலீற்றருக்கு 5 மில்லியனைவிடக் குறைவா இருக்கிறவங்களுக்குத்தான் டொக்டர்மார் வழமையாச் சொல்றது. செய்த பிறகும் பலருக்குக் காரணம் தெரியாமலே போகும். காரணம் தெரிஞ்சாலும் பிள்ளை கிடைக்கும் என்று உத்தரவாதமில்ல. காசும் செலவு, கொழும்புக்கும் போகணும். இதெல்லாம் உண்மை. ஆனா விந்துப் பரிசோதனைக்கு இந்தச் சாட்டு ஒன்றும் செல்லாது. ஆறு வருஷமா நாங்க தவிர்த்தது பரம்பரை அலகுப் பரிசோதனைய இல்ல, அந்தச் சின்னப் போத்தலத்தான்.

அதால நான் கேக்கிறது மூன்று விஷயம். பொம்புளைக்கு முதல் டெஸ்ட் செய்யிற அண்டைக்கே ஆம்பிளைக்கும் செய்யணும். ஆணைப் பரிசோதிக்காம ரெண்டாம் கலியாணப் பேச்சை எடுக்கிறவங்களை, அது யாரா இருந்தாலும், "ரிப்போர்ட் எங்க?" என்று கேக்கணும். மூன்றாவது, இப்படியான ரிப்போர்ட்டைக் குடுக்கிற இடத்தில அதை அந்த ஆளின் மொழியில, கதவைப் பூட்டிட்டு, நேரம் எடுத்து விளக்க ஒரு ஆள் இருக்கணும். கல்முனைக் கரையில மொழிபெயர்ப்பும் வைத்தியமும் தெரிஞ்ச பிள்ளைகள் வருஷா வருஷம் கெம்பஸால வெளியில வருதுகள். இதைச் செய்ய ஆள் இல்லையென்று சொல்ல ஏலாது.

மச்சான் சத்திரசிகிச்சை செய்யிறதா இல்லையா என்று இன்னும் முடிவெடுக்கல்ல. அது அவங்க ரெண்டு பேர்ட விஷயம். ரெண்டாம் கலியாணக் கதை நிண்டு போச்சு. மாமிட்ட விஷயத்தச் சொன்னது மச்சான்தான், ராத்தாவ முன்னால இருக்க வச்சு, "அவளுக்கு ஒரு குறையுமில்லம்மா" என்று. ராத்தா அண்டைக்குத்தான் அழுதாள். ஆறு வருஷத்தில நான் பார்த்து முதல் தரம்.

இப்ப எங்கட வீட்டு அலமாரியில ரெண்டு பைல் இருக்கு. ரெண்டாவது மெல்லிசுதான். மேல மச்சான்ட பேர், அவர்ட கையெழுத்தில.